லெயோ சாமி எழுதின "இல்லை"

ஆரம்பிச்சாச்சு. மைக்கை விரலால ரெண்டு தட்டு, "பின்னாடி கேக்குதாப்பா?"ன்னு ஒரு கேள்வி, பையனுங்க பக்கத்துல இருந்து "கேக்குது சார்"னு ஒரு கத்தல். இவருக்கு அது போதும். இனி இருபது நிமிசத்துக்கு இவர உட்கார வைக்க யாராலயும் ஆகாது. இருபது நிமிசம் இவரு, அப்புறம் நானு, அப்புறம் பாவசங்கீர்த்தனம், பூசை, சாப்பாடு, சர்டிபிகேட். கல்யாணத் தயாரிப்பு வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க முக்கால்வாசி அந்தச் சர்டிபிகேட்டுக்குத்தான் வர்றாங்க, அது இல்லாம எந்தப் பங்குக் கோயில்லயும் கல்யாண ஓலை வாசிக்க மாட்டாங்களே. வகுப்பு நடத்துற மத்தியாஸ் சாமி எத்தனை தடவை சொன்னாலும் சோடி சோடியா உட்காருறதில்ல, கோயில்ல உட்காருற மாதிரியே பொண்ணுங்க இந்தப் பக்கம், பையனுங்க அந்தப் பக்கம். மூணாவது வரிசையில, சன்னல் ஓரமா, நீலச் சுடிதார். பேரு ஜெர்லின். டீ நேரத்துல அவதான் என்கிட்ட வந்தா. வேண்டாம், இப்ப அத நினைக்க வேண்டாம், இவரு பேசுறதக் கேப்போம். "கல்யாணங்கிறது ரெண்டு கம்பிப்பா. ஒண்ணுல கரண்ட் வரும், ஒண்ணுல திரும்பிப் போகும். ரெண்டும் நேரா உரசுச்சுன்னா டமார்!" பொண்ணுங்க சிரிக்குறாங்க. முப்பது வருசம் மின்வாரியத்துல கம்பத்துல ஏறி இறங்கின மனுசன், வேற என்னத்தச் சொல்லுவாரு. நடுவுல பல்பு வரும், பல்புதான் ஆண்டவர்னு சொல்லுவாரு, மத்தியாஸ் சாமி தலைய ஆட்டுவாரு. இருபத்து மூணு வகுப்பாச்சு, எனக்கு மனப்பாடம். இவருக்கு மூச்சு வாங்குற எடம்கூட எனக்குத் தெரியும். நல்லாத்தான் பேசுறாரு, அதுல குறை சொல்ல முடியாது. இவர் சவரிநாதன், என் வீட்டுக்காரர், நாங்க ரெண்டு பேரும் மறைமாவட்டம் தேர்ந்தெடுத்த சாட்சித் தம்பதி. சாட்சி! எதுக்குச் சாட்சி. அந்தப் பொண்ணு எழுதல. நோட்டு மடியில திறந்து கிடக்கு, பேனா மூடியே கழட்டல.

டீ நேரத்துல என்ன நடந்துச்சு, ஒண்ணும் பெருசா நடக்கல. நான் பிஸ்கட் தட்டைத் தேடிக்கிட்டு இருந்தேன். "ஆன்ட்டி"ன்னு வந்து நின்னா. கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா, மே மாசத்துல. "ஆன்ட்டி, எனக்கு வியாழக்கிழமை எங்க பங்குல கல்யாண விசாரணை. அந்தக் கேள்வி இருக்குல்ல, யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு. அதுக்கு ஆமான்னு சொன்னா, சாமி வீட்டுக்குச் சொல்லிருவாங்களா?" இவ்வளவுதான் கேட்டா. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நாலு வருசமா இதுக்குத்தான் இங்க வந்து உட்காந்திருக்கேன், காலையில ஒன்பது மணிக்கு மத்தியாஸ் சாமி இதைத்தான் தொண்டை கிழியச் சொன்னாரு, உங்க மனசுல நெருடல் இருந்தா இப்பவே பேசுங்க, கல்யாணத்துக்கு அப்புறம் எங்க திருச்சபை நீதிமன்றத்துக்கு வராதீங்கன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் அந்தப் பொண்ணு எழுந்து வந்திருக்கா. வந்தவகிட்ட நான் என்ன சொன்னேன்? "எல்லாருக்கும் இந்தப் பயம் வரும்மா. கல்யாணம் ஆனாச் சரியாப் போயிடும். டீ ஆறுது பாரு, குடி." அடிப் பாவி. டீ ஆறுதாம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு என் வாயில? யோசிக்கவே இல்ல, தானா வந்துச்சு. எங்க பெரியம்மா சொன்னது அது, அச்சு அசல் அதே வார்த்தை, டீக்குப் பதிலா அன்னிக்குக் காப்பி. அப்புறம் மணி அடிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு "சரி ஆன்ட்டி"ன்னு ஒரு தலையாட்டு ஆட்டுச்சு. அந்தத் தலையாட்டு எனக்குத் தெரியும். கேட்டதையே வாபஸ் வாங்கிக்கிற தலையாட்டு. இனி அவ யாருகிட்டயும் கேக்க மாட்டா.

நானும் கேக்கல. கேட்டேன், ஒரே ஒரு தடவை, பெரியம்மாகிட்ட. எனக்கு இவர வேண்டாம்னு இருந்துச்சு, அவ்வளவுதான். வேற யாரையும் நினைக்கல. அதுதான் பெரிய கஷ்டமாப் போச்சு. எவனையாவது மனசுல வெச்சிருக்கியாடின்னு அம்மா தலைமுடியப் பிடிச்சுக் கேட்டா. இல்லம்மா. கன்னியர் மடத்துக்குப் போகணுமா? இல்லம்மா. அப்புறம் என்னடி கேடு? காரணம் இருந்தா அடிப்பாங்க, காரணமே இல்லன்னா சிரிப்பாங்க. பொண்ணு பாக்க வந்தப்ப இவரு சத்தமாச் சிரிச்சாரு, சட்டைப் பையில டெஸ்டர் குத்தியிருந்துச்சு, மிக்சரை அள்ளி அள்ளித் தின்னாரு. அதெல்லாம் ஒரு காரணமா? அப்பா மூணு நாளு சாப்பிடல. தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சுவரப் பாத்து உட்காந்துட்டாரு, ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். நாலாம் நாள் காலையில நானே சோத்தைப் பிசைஞ்சு கொண்டுபோயி, "சரிப்பா"ன்னேன். அவரு சாப்பிட்டாரு. அந்தச் "சரி"யைத்தான் ஊரெல்லாம் சம்மதம்னு சொல்லிக்கிட்டாங்க. "...அந்த நடுவுல இருக்கிற பல்பு யாரு? சொல்லுங்க பாப்போம்!" யாரோ ஒரு பையன் "மாமியார்"னு கத்துறான். கூடமே அதிருது. இவருக்கு இனி கொண்டாட்டம்தான். ஜெர்லினைக் கட்டிக்கப் போற பையன் அந்த வரிசையிலதான் இருக்கான், கட்டம் போட்ட சட்டை, நல்லாச் சிரிக்கிறான். கெட்டவனாத் தெரியல. இவரும்தான் கெட்டவரா என்ன. கெட்டவனா இருந்தாத் தேவலையே, வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அம்மா எனக்கு விசாரணைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி சொல்லிக் குடுத்த மாதிரியே. "சாமி என்ன கேட்டாலும் 'ஆமாம் சாமி'ன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத. உனக்கு வாய் நீளம்." அறைக்குள்ள எங்க பங்குக் குரு லெயோ சாமி, நீளத் தாளு, மேசை மேல வேதபுத்தகம். வெளிய பெஞ்சுல அம்மா. கதவைச் சாத்தணும், அதுதான் சட்டம், மணப்பொண்ணத் தனியா கேக்கணும். அன்னிக்குப் புழுக்கம்னு சாமி கதவைத் திறந்தே வெச்சுட்டாரு. அம்மாவோட சேலை முந்தானை எனக்குத் தெரியுது. வேதபுத்தகத்து மேல கை வெச்சேன். உண்மை சொல்லுவியா? ஆமாம் சாமி. கத்தோலிக்க முறைப்படி வாழுவியா? ஆமாம் சாமி. ஆண்டவர் குடுக்குற பிள்ளைகள ஏத்துக்குவியா? ஆமாம் சாமி. சாகுற வரைக்கும் பிரிய மாட்டியே? ஆமாம் சாமி. இந்தத் திருமணத்துக்கு யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா? ஆமாம் சாமி. சாமி பேனாவ நிறுத்திட்டு ஏறிட்டுப் பாத்தாரு. ஒரு செகண்ட். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரிச்சாரு. "அட மக்குப் பொண்ணே, இதுக்கு இல்லன்னு சொல்லணும்மா!"ன்னு சொல்லிட்டு அவரே எழுதினாரு. இல்லை. நல்ல கொட்டை எழுத்து. வெளிய அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நானும் சிரிச்சேன். கையெழுத்துப் போட்டேன். மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க, யாரும் தடை சொல்லல, கல்யாணம் முடிஞ்சுச்சு.

இப்ப எனக்கு இருக்கிற கேள்வி இதுதான், இருபத்தாறு வருசமா இருக்கிற கேள்வி. அந்த "ஆமாம்" நான் தெரிஞ்சு சொன்னேனா, வாய்ப் பழக்கத்துல வந்துச்சா? சில நாளு தெரிஞ்சுதான் சொன்னேன்னு தோணும். அந்தக் கேள்வி வர்றதுக்காகவே மத்த ஆமாம்களை வரிசையாச் சொல்லிக்கிட்டு வந்தேன்னு தோணும். அம்மாவும் திட்ட முடியாது, அவ சொல்லிக் குடுத்ததத்தானே சொன்னேன். சில நாளு, போடி இவளே, இல்லாத புத்திசாலித்தனத்த எல்லாம் உனக்கு நீயே குடுத்துக்காத, பயத்துல உளறினன்னு தோணும். எப்படி இருந்தாலும் வாயில இருந்து வந்தது உண்மை. அந்த அறையில நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதைத்தான் சாமி திருத்தினாரு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லன்னு சொல்ல முடியாது, அங்கதான் இருக்கு வேடிக்கை. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இவர்கிட்ட கல்யாணமான வருசமே சொன்னேன், இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. இங்க இருபத்து ரெண்டு வகுப்புல சொல்லியாச்சு. இவரு பேசி முடிச்சதும், "இப்ப என் வீட்டுக்காரி விசாரணையில பண்ணின கூத்தைக் கேளுங்க"ன்னு மைக்கைக் குடுப்பாரு. நான் அம்மா குரல்ல பேசுவேன், சாமி குரல்ல பேசுவேன், "ஆமாம் சாமி"ன்னு இழுப்பேன், கூடம் அதிரும். கடைசியில, "ஆனா பாருங்க, நல்லாத்தானே இருக்கோம்!"ன்னு முடிப்பேன். கை தட்டுவாங்க. நல்லா நடிப்பேன் நான். எனக்கு வாய் நீளம்தான்.

போன தவக்காலத்துல வகுப்பு எடுக்குறவங்க கூட்டம் நடந்துச்சு. மத்தியாஸ் சாமி மறைமாவட்ட நீதிமன்றத்துலயும் இருக்காரு. திருமணம் செல்லாதுன்னு தீர்ப்புக் கேட்டு வர்ற வழக்குகளப் பத்தி, பேரு ஊரு சொல்லாம, பொதுவாப் பேசினாரு. "ஒரு பொண்ணுகிட்ட, விசாரணையில ஏம்மா கட்டாயம் இல்லன்னு சொன்னேன்னு கேட்டேன். தயாரிப்பு வகுப்புல ஒரு ஆன்ட்டி, அவங்களும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டதாச் சொன்னாங்க, அவங்க நல்லா இருக்காங்களே, நமக்கும் சரியாப் போயிடும்னு நினைச்சேன் ஃபாதர்னு சொல்லுச்சு. பாத்துப் பேசுங்க"ன்னாரு. எந்த ஆன்ட்டின்னு அவருக்குத் தெரியாது போல, என்னைப் பாக்கல. இல்ல, தெரிஞ்சுதான் பாக்காம இருந்தாரோ. இவரு என் காதுகிட்ட வந்து, "பாத்தியா, நம்ம கதைய ஞாபகம் வெச்சிருக்கு அந்தப் புள்ள"ன்னாரு. சந்தோசமாச் சொன்னாரு, கர்த்தரே. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு நான் சரியாச் சாப்பிடல. அப்புறம் ஈஸ்டர் வந்துச்சு, மகன் பெங்களூருல இருந்து வந்தான், அப்படியே அமுங்கிப் போச்சு. அடுத்த வகுப்புலயும் அதே கதையச் சொன்னேன். கொஞ்சம் சுருக்கமா.

"என் வீட்டுக்காரி ஜெபமாலைப் பைத்தியம்ப்பா! கல்யாணமான புதுசுல ராத்திரி நாலு ஜெபமாலை சொல்லாமப் படுக்க மாட்டா. நான் தூங்கியே போயிருவேன்!" வந்துட்டாரு ஜெபமாலைக்கு. இன்னும் பத்து நிமிசம் இருக்கு. மாதாவே, நீ மன்னிக்கணும். இவரு தூங்கட்டும்னுதான் அத்தனையும் சொன்னேன். ஜெபமாலையில மூணு மணி உருண்டதும் காதைத் தீட்டுவேன், குறட்டை வந்துருச்சான்னு. வரலன்னா இன்னொரு பத்து மணி. பக்திமான் பொண்டாட்டி கிடைச்சுட்டான்னு இவரு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னாரு, இன்னிக்கும் சொல்றாரு, மைக்குல. ஒரு தடவைகூட இந்த மனுசன் என்னை எழுப்பினதில்ல, தொந்தரவு பண்ணினதில்ல. நான் ஜெபமாலைய வைக்கிற வரைக்கும் காத்திருந்தாரு, தூக்கம் வந்தாத் தூங்கினாரு. அதுதான் என்னைக் கொல்லுது. மத்தியாஸ் சாமி காலையில சொன்னாரு, "கட்டின முடிச்சை அவுத்து விடுறதுக்கு எங்களுக்கு அதிகாரமே கிடையாது. முடிச்சு விழுந்துச்சா இல்லையான்னு பாக்குறது மட்டும்தான் எங்க வேலை." அந்த எடம் வரும்போதெல்லாம் என் கை தானா தாலியத் தொடும். ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, வீடு கட்டியாச்சு, மாமியாருக்கு மலம் மூத்திரம் அள்ளி அடக்கம் பண்ணியாச்சு, முடிச்சே விழலையாம். பயத்துல சொன்ன சம்மதம் சம்மதமே இல்லையாம், அப்புறமா மனசாரச் சொன்னாத்தான் உண்டாம். அப்புறமா நான் எப்பச் சொன்னேன்? தேடித் தேடிப் பாக்குறேன், தேதி கிடைக்கல. இவரு கம்பத்துல இருந்து விழுந்தப்ப ஒத்தைச் செருப்போட ஆஸ்பத்திரிக்கு ஓடினேனே, அன்னிக்கா? அன்னிக்குப் பயம்தான் இருந்துச்சு, ரெண்டு பிள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவோம்னு. பதினோரு வருசம் கழிச்சு ஒரு மத்தியானம், இவரு பூண்டு உரிச்சுக்கிட்டே மாதா பாட்டுப் பாடினாரு, ராகமே இல்லாம. இந்த ஆளு இல்லன்னா இந்த வீடு நல்லாவே இருக்காதுன்னு நினைச்சேன். நினைச்சதோட சரி, குழம்பைக் கிண்டப் போயிட்டேன். அது சம்மதமா? அதை யாருகிட்ட போயி எழுதிக்கச் சொல்றது?

பதினோரு வருசம். நான் அந்தப் பொண்ணுக்கு டீ கப்போட சேத்துக் குடுத்தது அந்தப் பதினோரு வருசத்தைத்தான். சரியாப் போயிடும்மா. எனக்குச் சரியாப் போச்சு, அது இவரோட குணம், என்னோட பொறுமை, ஆண்டவரோட தயவு, எதுன்னு சொல்ல. அந்த இன்னொரு பொண்ணுக்குச் சரியாப் போகலையே, நீதிமன்றத்துல போயி நின்னுச்சே. சொல்லலாம். இப்பச் சொல்லலாம். "பிள்ளைங்களா, இது சிரிக்கிற கதை இல்ல"ன்னு ஆரம்பிக்கலாம். இவரு அங்கேயே நின்னுக்கிட்டு இருப்பாரு, மைக்கைக் குடுத்துட்டு எப்பவும் பக்கத்துலயே நிக்கிற ஆளு. முப்பது பேரு முன்னாடி, உன்னை எனக்கு வேண்டாம்னு இருந்துச்சுய்யா, ஜெபமாலையெல்லாம் பொய்யுன்னு சொல்லணும். வீட்டுல வெச்சுத் தனியாச் சொல்லியிருக்கணும், இருபத்தாறு வருசம் நேரம் இருந்துச்சுல்ல. இல்லன்னா பூசை முடிஞ்சு அந்தப் பொண்ண மட்டும் ஓரமாக் கூப்பிட்டுப் பேசலாம். ஆமா, அதுதான் சரி, யாருக்கும் சேதாரம் இல்ல. ஆனா பூசை முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு ஓடுவாங்க, அவ அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் வண்டியில ஏறிப் போயிடுவா. போகாட்டியும் என்கிட்ட ஏன் வரப் போறா, டீயக் குடின்னு சொன்னவகிட்ட? அதுக்கு முன்னாடி நான் கதையச் சொல்லியிருப்பேன், கூடமே சிரிச்சிருக்கும், அவளும் சிரிச்சிருப்பா, வேற என்ன பண்ணுவா. வியாழக்கிழமை வேதபுத்தகத்து மேல கை வெச்சு, என்னை நினைச்சுக்கிட்டே "இல்லை"ன்னு சொல்லுவா. ஐயோ, சர்க்கரை இறங்குது போல. இல்ல, இது பயம், அத அதோட பேரு சொல்லிக் கூப்பிடு எமரன்சியா, இது வெறும் பயம்.

"...அதையெல்லாம் என்னை விட அவ நல்லாச் சொல்லுவா. வாம்மா எமரன்சி. இவ விசாரணையில பண்ணின கூத்தைக் கேட்டா நீங்க ராத்திரி வரைக்கும் சிரிப்பீங்க!" எழுந்துட்டேன். மைக்கு சூடா இருக்கு, இவரு கை சூடு. வாசல்கிட்ட மத்தியாஸ் சாமி மணியப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. "எங்க அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, சாமி என்ன கேட்டாலும் ஆமாம் சாமின்னு சொல்லுடின்னு." பாரு, அம்மா குரலு தானா வந்துருச்சு, சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்த முடியல. "சாமி கேட்டாரு, இந்தக் கல்யாணத்துக்கு யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களான்னு. நான் ஆமாம் சாமின்னேன்." கூடம் அதிருது. கட்டம் போட்ட சட்டை தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். ஜெர்லின் உதட்டை மட்டும் சிரிக்கிற மாதிரி வெச்சிருக்கா. நான் அடங்கட்டும்னு நின்னேன். "அது வாய் தவறி வந்தது இல்ல"ன்னேன். என் குரலு எனக்கே யாரோட குரலோ மாதிரி இருந்துச்சு. "நெசமாவே கட்டாயப்படுத்தினாங்க. எங்க அப்பா மூணு நாளு சாப்பிடல. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு இருந்துச்சு. சாமி இல்லன்னு எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி நாலு ஜெபமாலை சொன்னது பக்தியில இல்ல. பதினோரு வருசம் ஆச்சு எனக்கு, இவர ஒரு மனுசனா ஏறிட்டுப் பாக்க. நல்லாத்தானே இருக்கோம்னு இத்தனை நாளு இங்க நின்னு சொன்னேன், அது தப்பு. உங்கள்ல யாருக்காவது மனசுல வேண்டாம்னு இருந்தா, விசாரணையில அப்படியே சொல்லுங்க. கதவைச் சாத்தச் சொல்லுங்க. சாமி வீட்டுக்குச் சொல்ல மாட்டாரு. அப்பா அம்மாகிட்ட பேச ஆள் வேணும்னா நான் வர்றேன்." முன்வரிசை அடங்கிடுச்சு, அப்புறம் நடு வரிசை. பின்னாடி ரெண்டு பையனுங்க என்னமோ புது சோக்குன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் சிரிச்சாங்க. எல்லாருக்கும் கடைசியா நிறுத்தினது இவர்தான்.

ஜெர்லின் எழுந்தா. நோட்டை நாற்காலியிலயே போட்டுட்டு, யாரு காலையும் மிதிக்காம ஓரமா நடந்து, வாசல்ல நின்ன மத்தியாஸ் சாமிகிட்ட போயி என்னமோ சொன்னா. சாமி அவளை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கட்டம் போட்ட சட்டை பாதி எழுந்து, திரும்ப உட்காந்துட்டான், பாவம் அந்தப் பிள்ளை. நான் எல்லாத்தையும் பாத்தேன், இவர் முகத்தை மட்டும் பாக்கல. பாக்கத் தைரியம் இல்ல. மைக்கை நீட்டினேன். இவரு வாங்கல. இவ்வளவு நேரம் மைக்குக்கே வேலை இல்லாத அளவுக்குக் கத்தின மனுசன், எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அப்ப இப்ப?"ன்னு கேட்டாரு. திரும்பிப் பாத்தேன். கோபம் இல்ல. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா கெஞ்சல் இல்ல. பதிலுக்காக நின்னாரு, அவ்வளவுதான். அப்பா கேக்கல, அம்மா கேக்கல, லெயோ சாமி கேட்டுட்டுப் பதிலை அவரே எழுதிக்கிட்டாரு. "சொல்லு எமரன்சி, இப்பவும் கட்டாயந்தானா?"ன்னு மறுபடியும் கேட்டாரு. அம்மா சொல்லிக் குடுத்த ஆமாமும் வேண்டாம், சாமி எழுதின இல்லையும் வேண்டாம். யாரும் எனக்குப் பதில் சொல்லிக் குடுக்கல. இவரைப் பாத்துக்கிட்டே, அவசரப்படாம, நான் யோசிச்சேன்.